முப்பது வருஷத்துக் காகிதம்

சிவகங்கை மாவட்டத்துக் கோர்ட்டுகளில் 32 வருஷம் தட்டச்சராக இருந்தவன் நான். கூண்டில் நிற்பவர் பேசுவார், நீதிபதி அதை வாக்கியமாக்கிச் சொல்வார், நான் அடிப்பேன். குறுக்கு விசாரணையில் வக்கீல், "நீங்க அன்னைக்கு ஊர்லயே இல்லைங்கிறேன்" என்பார். சாட்சி, "இல்லங்கய்யா, சத்தியமா இருந்தேன்" என்று கும்பிடுவார். என் தாளில் அது, 'நான் அன்றைய தினம் ஊரில் இல்லை என்று சொன்னால் சரியல்ல' என்று விழும். கும்பிட்டது, குரல் கம்மியது எதுவும் தாளுக்கு வராது. இந்தச் 'சரியல்ல'வை எத்தனை ஆயிரம் தடவை அடித்தேனோ, கணக்கில்லை. அடித்து அடித்து, யார் நிஜம் பேசுகிறார்கள், யார் புளுகுகிறார்கள் என்பது காதில் விழும்போதே எனக்குத் தெரிந்துவிடும் என்ற நினைப்பு ஏறிவிட்டது. அந்த நினைப்போடுதான் 2017இல் ஓய்வு பெற்றேன்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் சிவில் வழக்கு என்றால் பாதிக்கு மேல் பழைய காகிதம்தான். ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளி இருப்பார்கள். பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் சிங்கப்பூரில். பாகப்பிரிவினை என்று வந்தால் இரும்புப் பெட்டி திறக்கும். பர்மா காலத்துக் கடன் முறி, கல்யாணத்துக்கு எழுதிய இசைபிடிமானம், பெட்டியடியில் உட்கார்ந்து யாரோ எழுதிய பேரேடு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ராமபாணப் பூச்சி அரித்து, தொட்டால் உதிரும். எழுதியவரும் இல்லை, கையெழுத்துப் போட்டவரும் இல்லை, பார்த்த சாட்சியும் இல்லை. என்ன செய்வது? அதற்குத்தான் 1872ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தில் 90ஆவது பிரிவு இருந்தது. 30 வருஷத்துக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்திருந்தால், அந்தக் கையெழுத்து அவருடையதுதான் என்று கோர்ட் அனுமானித்துக்கொள்ளலாம். இப்போது வந்திருக்கும் புதுச் சட்டத்திலும் இது இருக்கிறது, எண்தான் மாறியிருக்கிறது.

பலரும் இதைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். காகிதம் பழையது என்பதால் அதில் எழுதியிருப்பது உண்மையாகிவிடாது. எழுதிய கை யாருடையது என்ற ஒரு கேள்வியை மட்டும்தான் அந்தப் பிரிவு தள்ளிவைக்கிறது. கணக்குப் புத்தகத்துக்கும் இதே மாதிரி ஒரு கடிவாளம் உண்டு. பழைய சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி, ஒழுங்காக எழுதி வந்த கணக்கைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது. நம்பு, ஆனால் முழுக்க நம்பாதே.

சரி, இது காகிதத்துக்கு. 36 வருஷம் கழித்து ஒருத்தி கூண்டேறிச் சொல்லும் பேச்சுக்கு என்ன பிரிவு?

2018 செப்டம்பர் 27ஆம் தேதி, அம்மா திதிக்காக அக்கா வந்திருந்தாள். ராத்திரி ஏழரை மணி வாக்கில் முகப்பில் உட்கார்ந்து போனில் அமெரிக்க செனட் விசாரணையை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற கோர்ட்டுக்காரனுக்கு ஊர் உலகத்து விசாரணை எல்லாமே சீரியல் மாதிரிதான். அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி என்றால் ஆயுள் பதவி. ஜனாதிபதி பெயரைச் சொல்வார், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஜூலையில் டிரம்ப் சொன்ன பெயர் பிரெட் கவனா. அவர் மீது குற்றம் சொன்னவர் கிறிஸ்டின் பிளேசி ஃபோர்டு, கலிபோர்னியாவில் உளவியல் பேராசிரியை. 1982 கோடையில், மேரிலாந்தில் ஒரு வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் கூடியிருந்தபோது நடந்தது என்றார். அவருக்கு 15 வயது, கவனாவுக்கு 17. மாடி அறைக்குள் தள்ளி, கட்டிலில் அமுக்கி, கத்தவிடாமல் வாயைப் பொத்தினார் என்றார். அறையில் கவனாவின் நண்பர் ஒருவரும் இருந்தாராம். கவனா அடியோடு மறுத்தார்.

எந்தத் தேதி? தெரியாது. யார் வீடு? தெரியாது. வீட்டுக்கு எப்படித் திரும்பினீர்கள்? ஞாபகமில்லை. எது நன்றாக நினைவிருக்கிறது என்று ஒரு செனட்டர் கேட்டதற்கு, அந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு என்றார்.

"என்னடா சொல்லுது அந்தப் பொம்பள?" என்று அக்கா கேட்டாள். தமிழில் சொன்னேன். கூடவே என் தொழில் கருத்தையும் சேர்த்தேன்: "தேதியும் இல்ல, இடமும் இல்ல. நம்ம கோர்ட்டுல ஒரு வாய்தாவுக்கு நிக்காது."

அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். "சிரிச்சது ஞாபகம் இருக்கும்டா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைச் சொன்னாள்.

ஊர்ப் பெயர் வேண்டாம். காரைக்குடிக்கு நாலு மைலில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அந்தக் காலத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. அக்கா லோயர் கிரேடு பரீட்சைக்காகப் போய்க்கொண்டிருந்தவள், பாதியில் நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு விளக்கம் உண்டு: அவளுக்குச் சுண்டு விரல் வளையாது, 'பி' எழுத்துக்கு எட்டாது. நாற்பது வருஷமாக இது எங்கள் வீட்டு ஜோக். நானே எத்தனையோ கல்யாண வீட்டில் அவள் விரலைப் பிடித்துக் காட்டிச் சிரிக்கவைத்திருக்கிறேன். அவளும் சிரிப்பாள்.

அன்றைக்கு அவள் சொன்னது வேறு. மழை. மற்ற பெண்கள் வரவில்லை. அந்த இன்ஸ்டிடியூட் ஆள் கதவுத் தாழ்ப்பாளைப் போட்ட சத்தம். பின்னாலிருந்து தோளுக்கு மேலாக வந்த கை, அதன் கட்டைவிரலில் ஸ்டாம்பு மையின் ஊதாக் கறை. எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. அன்றைக்குச் செய்தது இது: "எந்த வருஷம்?" என்று கேட்டேன். யோசித்தாள். "எழுபத்தி ரெண்டா, மூணா..." "மாசம்?" "மழை பெஞ்சுச்சு." "தாழ்ப்பாள் மேலயா கீழயா இருந்துச்சு, அந்தக் கதவுக்கு?" இதைக் கேட்டதும் அவள் எழுந்துவிட்டாள். "நீ கோர்ட்டுல வேலை பாத்தது போதும்டா தம்பி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். போனில் அந்த அம்மாள் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த அமெரிக்க வழக்கை ஒரு நோயாளி தன் நோயைப் படிப்பது மாதிரி படித்தேன். முதலில் என் தொழில் நினைப்பையே எடுத்துப் பார்த்தேன். தேதி, கிழமை, நேரம், திசை எல்லாம் மடமடவென்று ஒப்பிக்கும் சாட்சியை எந்தக் கோர்ட் குமாஸ்தாவும் நம்ப மாட்டார். சொல்லிக்கொடுத்த சாட்சி என்று நாங்களே கிசுகிசுப்போம். நிஜமாக அடிபட்டவனுக்கு அரிவாள் ஞாபகம் இருக்கும், அரிவாள் பிடித்தவன் கட்டியிருந்த கைலியின் நிறம் இருக்காது. இது தெரிந்திருந்தும் அக்காவிடம் கைலியின் நிறத்தைத்தான் கேட்டேன்.

ஆனால் இதையே தலைகீழாக்கி, ஞாபகம் இல்லை என்றாலே நிஜம் என்று சொல்லவும் முடியாது. உறுதியாகச் சொல்வதும் அத்தாட்சி ஆகாது. 1984இல் வட கரோலினாவில் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண், குற்றவாளியின் முகத்தை மறக்கக் கூடாது என்று அந்த நேரத்திலேயே மனசில் பதித்துக்கொண்டவர். ரொனால்டு காட்டன் என்பவரை உறுதியாக அடையாளம் காட்டினார். 10 வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, 1995இல் டிஎன்ஏ பரிசோதனை ஆள் அவர் இல்லை என்றது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, தவறினார். ஃபோர்டு 'நூறு சதவீதம் உறுதி' என்றபோது எனக்கு இது உறுத்தத்தான் செய்தது. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. காட்டன் அந்தப் பெண்ணுக்கு முன்பின் அறியாதவர். ஃபோர்டோ, கவனாவை அதற்கு முன்பே தெரியும் என்றார். தெரியாத முகத்தில் தவறுவது போலத் தெரிந்த முகத்தில் அவ்வளவு எளிதாகத் தவற மாட்டோம். ஆனால் கவனா நிஜமாகவே தெரிந்தவர்தானா என்பதற்கும் ஃபோர்டின் வாய்வார்த்தைதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் காலண்டர். கவனா 1982இல் தான் எழுதி வைத்திருந்த காலண்டரையே கொண்டுவந்து காட்டினார். அவருடைய அப்பாவும் அப்படி எழுதுகிறவராம். 36 வருஷத்துக் காகிதம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தது. 90ஆவது பிரிவுக்கு அளவெடுத்துத் தைத்த ஆவணம்! பார்ட்டி, பயிற்சி, ஊர்ப் பயணம் எல்லாம் எழுதியிருக்கிறேன், இந்தப் பெண் சொல்கிற மாதிரி ஒரு கூட்டம் இதில் இல்லை என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பு அதே காகிதத்தில் ஜூலை 1ஆம் தேதிக் கட்டத்தைக் காட்டியது. ஒரு நண்பர் வீட்டில் பீர் குடிக்கப் போவதாக எழுதியிருந்தது. அறையில் இருந்ததாக ஃபோர்டு சொன்ன நண்பரின் பெயரும், அந்த வீட்டுக்கு வந்திருந்ததாக அவர் சொன்ன இன்னொருவர் பெயரும் அந்தக் கட்டத்தில் இருந்தன. ஒரே கட்டம், இரண்டு பொருள். கையெழுத்து யாருடையது என்பதில் சண்டையே இல்லை.

ஃபோர்டு பக்கத்துக் காகிதம் அவ்வளவு பழையது அல்ல. 2012இல், கணவருடன் மனநல ஆலோசனைக்குப் போனபோது ஆலோசகர் எழுதிய குறிப்பு. கவனாவின் பெயர் அதில் இல்லை. இரண்டு பையன்கள் என்பதற்குப் பதில் நாலு பையன்கள் என்று இருந்தது. ஆலோசகர் தவறாக எழுதிவிட்டார் என்றார் ஃபோர்டு. அன்றைக்கே பெயரைச் சொன்னார் என்றார் கணவர். அந்த வீட்டில் இருந்ததாக ஃபோர்டு சொன்ன பெண் தோழி, அப்படியொரு கூட்டம் தனக்கு நினைவில்லை என்றார். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான், கேள்வி கேட்க அழைத்துவந்திருந்த அரிசோனா அரசு வழக்கறிஞர் ரேச்சல் மிட்செல், நியாயமான எந்த அரசு வழக்கறிஞரும் இந்த வழக்கைத் தொடுக்க மாட்டார் என்று எழுதிக்கொடுத்தார். அந்த ஓட்டைகள் ஓட்டைகள்தான். அதை மறைத்துவிட்டு ஃபோர்டை நம்பச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனாலும் நான் ஃபோர்டு பக்கம்தான் சாய்ந்தேன். காரணம் 2012. அந்த வருஷம் எந்த ஜனாதிபதியும் கவனாவின் பெயரை எந்தப் பதவிக்கும் சொல்லியிருக்கவில்லை, இந்தக் கதையால் யாருக்கும் பைசா லாபமில்லை. பழைய பழி ஒன்றை எடைபோடும்போது நடந்ததைத் திரும்ப நடத்திப் பார்க்க வழியில்லை. அந்தப் பேச்சு எப்போது வாயை விட்டு வந்தது, யாரிடம் போனது, அப்போது அதனால் யாருக்கு என்ன கிடைக்க இருந்தது என்று அதன் தடத்தைப் பார்க்கலாம். கணக்குப்பிள்ளை பாஷையில், அன்றன்று எழுதிய குறிப்பா, வழக்குக்காக எழுதிய பேரேடா என்று பார்ப்பது.

இன்னொன்று, தன் பேச்சைச் சோதித்துப் பார்க்க அவரே ஒரு வழி சொன்னார். சம்பவத்துக்குச் சில வாரம் கழித்து அந்த நண்பரை ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலையில் பார்த்தேன், அங்கே எப்போது வேலை செய்தார் என்று தெரிந்தால் தேதியை நெருங்கிவிடலாம் என்றார். பொய் சொல்கிறவர் பெரும்பாலும் தன்னைப் பிடிப்பதற்கு இப்படிக் கயிறு எடுத்துக் கொடுப்பதில்லை. பிறகு எஃப்பிஐ ஒரு வாரம் கூடுதலாக விசாரித்தது. ஃபோர்டையும் விசாரிக்கவில்லை, கவனாவையும் விசாரிக்கவில்லை. எங்கள் ஊர் ஏட்டு ஒருவர் இப்படிச் செய்திருந்தால் நீதிபதி தீர்ப்பிலேயே வைத்து வாங்கியிருப்பார்.

தடம் பார்ப்பதும் எப்போதும் கைகொடுத்துவிடாது. 1991இல் அதே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் பெயர் சொல்லப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மீது, முன்பு அவரிடம் வேலை பார்த்த அனிதா ஹில் பாலியல் தொல்லைப் புகார் சொன்னபோது, இவர் எங்களிடம் வருஷங்களுக்கு முன்பே இதைச் சொன்னார் என்று நாலு பேர் வந்து சாட்சி சொன்னார்கள். செனட் ஓட்டெடுப்பில் 52க்கு 48 என்று தாமஸ் ஜெயித்தார், இன்னும் அந்த நாற்காலியில் இருக்கிறார். கவனாவுக்கு 2018 அக்டோபர் 6ஆம் தேதி 50க்கு 48. கவனாவை ஆதரித்த ஒரு செனட்டர் அன்றைக்கு மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அவர் இல்லாத குறை தெரியாமலிருக்க, எதிர்த்து ஓட்டுப்போட இருந்த இன்னொரு செனட்டர் 'வந்திருக்கிறேன்' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். செட்டிநாட்டில் பங்காளிச் சண்டை கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும்போதே கல்யாணத்துக்கு மட்டும் சேர்ந்து நிற்பார்களே, அது மாதிரி.

என் தலையைக் குடைந்தது அளவுகோல் விஷயம். கிரிமினல் வழக்கில் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்து விடுதலை செய்வோம். அந்த வரியையும் ஆயிரம் தடவை அடித்திருக்கிறேன், அது சரியும்கூட. ஒருவனைச் சிறைக்கு அனுப்புவது சின்ன விஷயமில்லை. ஆனால் பதவி கொடுக்காமல் இருப்பது சிறையா? கவனாவுக்கு அது கிடைக்காமல் போயிருந்தால், ஏற்கெனவே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி பதவிக்குத் திரும்பிப் போயிருப்பார். சூசன் காலின்ஸ் என்ற செனட்டர், நடக்காததைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்காவது வேண்டும், இது அதற்கு எட்டவில்லை என்று சொல்லி கவனாவுக்கு ஓட்டுப்போட்டார். நேர்மையான வாதம்தான். எனக்கு மட்டும் தராசு வேறு மாதிரி தெரிகிறது. வீட்டுக் கொத்துச் சாவியை ஒருவரிடம் கொடுக்கும் முன், அவர் திருடர் என்று நிரூபணம் வரட்டும் என்றா காத்திருப்போம்? பாதிச் சந்தேகம் இருந்தாலே வேறு ஆளைத் தேடமாட்டோமா? சரி, அப்படியானால் வேண்டாதவன் எவனும் கடைசி நேரத்தில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு நல்லவனைக் கவிழ்த்துவிடலாமே என்று கேட்டால், அதற்கும் என்னிடம் பதில் அந்தத் தடம்தான். கடைசி நேரத்தில் மட்டுமே பிறந்த பேச்சுக்கு எடை குறைவு.

நம் ஊரில் இந்தக் கேள்வியே வராது. நீதிபதிகளைக் கொலீஜியம் என்ற மூத்த நீதிபதிகள் குழு தேர்வு செய்கிறது, பொது விசாரணை கிடையாது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு நியமனத்தை எதிர்த்து 2023 பிப்ரவரியில் போன மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, தகுதி இருக்கிறதா என்று பார்ப்போம், பொருத்தமானவரா என்பதற்குள் போகமாட்டோம் என்ற மாதிரிதான் சொன்னது. அங்கே வாதம் நடக்கும்போதே இங்கே பதவிப் பிரமாணம் நடந்தது. தாமதம் பற்றி மட்டும் நம் கோர்ட்டுகள் தெளிவாகப் பேசியிருக்கின்றன. குடும்ப மானம் கருதிப் புகார் தாமதமாவது இயல்பு என்று குர்மீத் சிங் என்பவர் மீதான பஞ்சாப் வன்கொடுமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் போட்ட அவதூறு வழக்கில், அவர் மீது பாலியல் தொல்லைக் குற்றம் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணியை விடுவித்த டெல்லி கோர்ட், பத்தாண்டுகள் பல கடந்தாலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று 2021இல் சொன்னது.

இதில் அதுவரை வந்ததையெல்லாம் படித்தவன்தான் 2019 தை மாதம் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். ஊரில் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் போட வேண்டும். பெரியவர்கள் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள். சொன்ன பெயர் அந்த இன்ஸ்டிடியூட் ஆளுடையது. எழுபது தாண்டியவர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, என்னைப் பார்த்ததும் "அக்கா சௌக்கியமா?" என்று கேட்டார். காபி வந்தது. ஒவ்வொருவராகத் தலையாட்டிக்கொண்டு வந்து என் முறை வந்தது. "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றேன். அக்காவின் பெயர் வெளியே வரக் கூடாது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அது முழுக் காரணம் இல்லை. வருஷமும் மாசமும் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் எனக்கே இருந்தது.

2021இல் வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் பரணைக் காலி செய்தோம். அப்பாவின் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், சொந்த வீட்டுக்கும் அதே மாதிரி எழுதுவார். ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் காரணம் இருக்கும். 'செருப்பு வார், ஆணி பெயர்ந்தது.' 'தயிர் கூடுதல், விருந்தாள்.' 1973 அக்டோபர் கடைசியில் ஒரு வரி: 'டைப் கிளாஸ் பீஸ் பாக்கி ரூ. 8. இத்துடன் நிறுத்தம்.' காரணம் எழுதவில்லை. நாலு நாள் கழித்து இன்னொரு வரி: 'குடை, புதிது, ரூ. 11.' அதற்கும் காரணம் இல்லை.

குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமானால் செய்யலாம். சுண்டு விரல் எட்டாமலும் நின்றிருக்கலாம். ஐப்பசியில் யார் வீட்டிலும் குடை தொலையும்.

அக்காவுக்குப் போன் செய்தேன். நோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. "அப்ப யார்கிட்டயாச்சும் சொன்னியாக்கா?" என்று மட்டும் கேட்டேன். மூன்று வருஷம் முன்பு முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"அம்மாகிட்ட."

"அம்மா என்ன சொல்லுச்சு?"

"நாளையில இருந்து போக வேண்டாம்னுச்சு. யாரு கேட்டாலும் விரல் வளையலன்னு சொல்லுன்னுச்சு."

அன்று ராத்திரி 1977ஆம் வருஷத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் டைப் படித்த வருஷம். வீட்டிலிருந்து நூறடியில் இன்ஸ்டிடியூட் இருக்க, அம்மா என்னைத் தினமும் காரைக்குடிக்கு பஸ்ஸில் அனுப்பினாள். அங்கே மிஷின் நல்ல மிஷின் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம். அது நிஜ ஞாபகமா, பிறகு நானே வைத்துக்கொண்டதா, இப்போது சொல்லத் தெரியவில்லை. நோட்டில் அப்பா கையெழுத்தில், பக்கம் பக்கமாக, தம்பி பஸ் 60 காசு, தம்பி பஸ் 60 காசு, தம்பி பஸ் 60 காசு என்று ஆவணி முழுக்க இருந்தது.